உங்கள் படிகத்தை நீங்களே பாருங்கள்: கரிம உலோக வேதியியலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

1951-ல் கீலி, பாசன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் வேறொரு மூலக்கூறைச் செய்யப் போய், ஆரஞ்சு நிறப் படிகம் ஒன்றைக் கையில் எடுத்தார்கள். இரும்பும் கார்பன் வளையங்களும் சேர்ந்த பொருள் அது. காற்றில் கெடவில்லை, 173 டிகிரி செல்சியஸில்தான் உருகியது. இரும்பு அணு ஒவ்வொரு வளையத்திலும் ஒரே ஒரு கார்பனைப் பிடித்துக்கொண்டிருப்பதாக அவர்கள் வரைந்தார்கள். அந்தப் படம் தவறு. 1952-ல் வில்கின்சன், உட்வர்டு குழுவினரும், ஜெர்மனியில் தனியாக வேலைசெய்த ஃபிஷரும், இரும்பு இரண்டு வளையங்களுக்கு நடுவே உட்கார்ந்து பத்துக் கார்பன்களையும் ஒரே மாதிரி பிடித்திருக்கிறது என்று காட்டினார்கள். ஃபிஷர் தரப்பு எக்ஸ் கதிர்ப் படிகவியலைச் சான்றாக வைத்தது. 1973-ல் வில்கின்சனுக்கும் ஃபிஷருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருள்தான் ஃபெரோசீன்.

இந்தத் துறைக்கு வருகிற யாருக்கும் நான் முதலில் இந்தக் கதையைச் சொல்வேன். உலோகமும் கார்பனும் எப்படிப் பிணையும் என்பதைக் காகிதத்தில் ஊகித்து முடிக்க முடியாது. படிகத்தில் பார்த்தாக வேண்டும். ஆகவே பொருளைச் செய்கிறவரும் அதன் படிகத்தைப் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது நல்லது. பல ஆய்வகங்களில் மாணவர் பொருளைச் செய்து ஒரு சிறிய வயலில் (vial, மூடியுள்ள கண்ணாடிக் குப்பி) போட்டுக் கருவிக்காரரிடம் கொடுத்துவிடுவார், இரண்டு வாரம் கழித்து ஒரு படம் வரும். அப்படி ஐந்து வருடம் போனால் உங்கள் துறையில் பாதி உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். இரண்டையும் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: எண்ணப் பழகுங்கள்

ஆய்வகத்துக்குள் போகும் முன் எலக்ட்ரான்களை எண்ணுவது கைக்கு வந்திருக்க வேண்டும். உலோகத்தின் இணைதிறன் எலக்ட்ரான்கள் எத்தனை, உலோகத்தைச் சுற்றிப் பிணைந்திருக்கும், லிகண்ட் என்று ஆய்வகத்தில் சொல்லும் ஈனிகள் ஒவ்வொன்றும் எத்தனை தருகின்றன, கூட்டினால் நிலையான சேர்மங்களில் வழக்கமாக வரும் 18 வருகிறதா? ஃபெரோசீனில் இரும்பு எட்டு, வளையங்கள் ஐந்து ஐந்தாகப் பத்து, மொத்தம் 18. தினமும் ஐந்து மூலக்கூறுகளை எடுத்து இப்படி எண்ணிப் பாருங்கள். ஒரு மாதத்தில், ஆய்வுக்கட்டுரையில் ஒரு வரைபடத்தைப் பார்த்ததுமே 'இங்கே ஏதோ குறைகிறது' என்று மனசு சொல்லும். 16 எலக்ட்ரானோடு நிற்கும் ரோடியம், பல்லாடியம் போன்றவற்றை விதிவிலக்காக மனப்பாடம் செய்யாதீர்கள். அவை ஏன் அங்கே நிற்கின்றன என்று கேட்டால் வினையூக்கம் தானாகவே புரியத் தொடங்கும்.

இதோடு சமச்சீர்மை, என்.எம்.ஆர் (காந்தப்புலத்தில் அணுக்கருக்களின் சைகையை அளக்கும் முறை) இரண்டையும் நன்றாகப் படியுங்கள். படிகவியலின் கணிதத்தை இப்போதே கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. அலகுக்கூடு (படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் சிறிய பெட்டி) என்றால் என்ன, எக்ஸ் கதிர் படிகத்தில் எந்தக் கோணத்தில் சிதறும் என்பதற்கான பிராக் விதி என்ன சொல்கிறது என்ற அளவு போதும். மற்றது கருவியின் முன் உட்காரும்போது வரும்.

இரண்டாம் படி: குழுவைத் தேர்ந்தெடுங்கள்

குழுவின் ஆய்வுக்கட்டுரைப் பட்டியலை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் நேரில் போய் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். படிகத்தை எக்ஸ் கதிரால் அளக்கும் டிஃப்ராக்டோமீட்டர் எங்கே இருக்கிறது? படிகத்தை ஊசியில் ஏற்றுவது மாணவரா, வேறொருவரா? புதிதாக வருகிறவருக்கு, காற்றுப் படாமல் வேலை செய்ய உதவும் ஷ்லெங்க் லைனை யார், எத்தனை நாள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் சேராதீர்கள். அங்கே நீங்கள் தவறுகளிலிருந்துதான் கற்க வேண்டியிருக்கும், இந்தத் துறையில் சில தவறுகளுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

மூன்றாம் படி: காற்றில்லாமல் வேலை செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்

கரிம உலோகச் சேர்மங்களில் பல, ஆக்ஸிஜனும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும். அதனால் வேலையெல்லாம் ஷ்லெங்க் லைனிலோ குளோவ் பாக்ஸிலோ நடக்கும். ஷ்லெங்க் லைன் என்பது இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் வெற்றிடம், இன்னொன்றில் நைட்ரஜன் அல்லது ஆர்கான். குடுவையை வெற்றிடமாக்கி வாயுவை நிரப்புவதை மூன்று முறை செய்தால் உள்ளே இருக்கும் காற்று கிட்டத்தட்டப் போய்விடும். சொல்ல எளிது, ஆனால் கை பழகச் சில மாதங்கள் ஆகும். முதல் இரண்டு வாரம் வெறும் கரைப்பானை மட்டும் ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்குக் கேனுலா என்ற நீண்ட மெல்லிய குழாய் வழியாக மாற்றிப் பழகுங்கள்.

இங்கே ஒரு ஆபத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும். கரைப்பானின் ஆவி பம்புக்குள் போகாமல் பிடிக்க, திரவ நைட்ரஜனில் மூழ்கிய டிராப் ஒன்று இருக்கும். திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. ஆக்ஸிஜன் மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும். லைனில் எங்காவது கசிவு இருந்து காற்று டிராப்புக்குள் போய்க்கொண்டே இருந்தால், அங்கே திரவ ஆக்ஸிஜன் சேரும். கரைப்பானோடு சேர்ந்த திரவ ஆக்ஸிஜன் வெடிக்கும். ஆகவே வரிசை முக்கியம்: எல்லா வால்வுகளையும் மூடி, பம்பை ஓடவிட்டு, வெற்றிடம் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிராப்பைக் குளிரவைக்க வேண்டும். ஆர்கானும் மைனஸ் 186-ல் திரவமாகும் என்பதால், அதையும் குளிர்ந்த டிராப் பக்கம் ஓடவிடக் கூடாது. டிராப்பில் எப்போதாவது வெளிர் நீலத் திரவம் தெரிந்தால் குளிர்க்குடுவையை இறக்காதீர்கள், டிராப்பை மூடி வைக்காதீர்கள். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஹூட்டின் முன்கண்ணாடியை இறக்கிவிட்டு, அறையில் இருப்பவர்களை வெளியே அனுப்பி, பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

காற்றில் தானாகத் தீப்பிடிக்கும் பொருள்களும் வரும். டெர்ஷியரி பியூட்டைல் லித்தியம் அப்படிப்பட்டது. 2008 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், பிளாஸ்டிக் சிரிஞ்சில் இதை இழுக்கும்போது பிஸ்டன் கழன்று வந்து, ஆய்வக அங்கி போடாத ஓர் இளம் ஆய்வாளரின் உடையில் தீப்பற்றியது. சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அங்கி போடுங்கள், செயற்கை இழைத் துணியைத் தவிருங்கள், அதிக அளவு மாற்றக் கேனுலாவைப் பயன்படுத்துங்கள், ஆய்வகத்தில் தனியாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

முதல் வினைகளாகக் காற்றில் கெடாத பொருள்களை எடுங்கள். ஃபெரோசீனை அசெட்டிக் அன்ஹைட்ரைடோடும் பாஸ்பாரிக் அமிலத்தோடும் சேர்த்து அசெட்டைல் ஃபெரோசீன் செய்யலாம். கலவையிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் குரோமட்டோகிராபிப் பத்தியில் ஊற்றினால் மஞ்சள் பட்டை முதலில் இறங்கும், அது மிச்சமிருந்த ஃபெரோசீன். பின்னால் மெதுவாக வரும் ஆரஞ்சுச் சிவப்புதான் உங்களுடையது. தூய்மை என்றால் என்ன என்று அந்த இரண்டு பட்டைகளும் கண்ணுக்கே காட்டிவிடும்.

நான்காம் படி: படிகம் வளர்ப்பது

இதை அவசரப்பட்டுச் செய்து பல மாதங்களை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் இழந்திருக்கிறேன். வினை நன்றாக நடந்தது, என்.எம்.ஆர் சுத்தம், குடுவையில் பொடி மட்டும் இருக்கிறது. பொடியிலிருந்து ஒற்றைப் படிகத்துக்குப் போகும் தூரத்தைக் கடக்கப் பொறுமை வேண்டும், கூடவே கொஞ்சம் திட்டமும்.

படிகம் வளர வேண்டுமானால் கரைசல், பொருளைத் தாங்க முடியாத நிலைக்கு மெல்ல மெல்லப் போக வேண்டும். வேகமாகப் போனால் ஆயிரம் குருணைகள் ஒரே நேரத்தில் விழும், மெதுவாகப் போனால் நாலைந்து மட்டும் தோன்றிப் பெரிதாகும். இதற்கு மூன்று வழிகள் போதும்.

ஒன்று, ஆவி பரவல். பத்து, இருபது மில்லிகிராமை டொலுயீன் போல நன்றாகக் கரைக்கும் கரைப்பானில் ஒரு மில்லிக்குள் கரைத்துச் சின்ன வயலில் ஊற்றுங்கள். அதைத் திறந்தபடியே ஒரு பெரிய வயலுக்குள் வைத்து, வெளியே பென்டேன் போல அந்தப் பொருளைக் கரைக்காத திரவத்தைக் கொஞ்சம் ஊற்றி, பெரிய வயலின் மூடியை இறுக்கிவிடுங்கள். பென்டேன் ஆவி உள்ளே நுழைய நுழையக் கரைதிறன் இறங்கும். இரண்டாவது, அடுக்கு வைப்பது. ஒடுக்கமான குழாயில் அடர்த்தி அதிகமான கரைசலை அடியில் வைத்து, அதன்மேல் ஹெக்சேனைச் சுவரோரமாக, கோடு கலங்காமல், துளித்துளியாக இறக்க வேண்டும். என் அனுபவத்தில் மிக அழகான படிகங்கள் இந்த இரண்டு திரவங்கள் சந்திக்கும் கோட்டுக்கு அருகில்தான் வந்திருக்கின்றன. மூன்றாவது குளிர்வித்தல். கிட்டத்தட்ட நிறைந்த கரைசலை மைனஸ் 30 டிகிரி உறைபெட்டியில் வைத்துவிட்டு மறந்துவிடுவது.

'மறந்துவிடுவது' என்பதை நிஜமாகவே சொல்கிறேன். தினமும் எடுத்துப் பார்த்து ஆட்டினால் படிகம் வளராது. பம்ப் அதிரும் மேஜையில் வைக்காதீர்கள். ஊற்றும் முன் கரைசலைக் கண்ணாடி இழை வடிதாள் வழியாக வடிகட்டுங்கள், ஒரு தூசு கிடந்தாலும் அதைச் சுற்றிக் குருணை பிடிக்கும். முழுவதும் காய விடாதீர்கள். கடைசிச் சொட்டில் இருக்கும் அழுக்கெல்லாம் படிகத்தின் மேல் படியும், படிகத்துக்குள் கரைப்பான் இருந்தால் அது வெளியேறி, கண்ணாடி போல இருந்தது மாவாகிவிடும். டைகுளோரோமீத்தேன் நன்றாகக் கரைக்கும் என்று கை தானாக அங்கே போகும், ஆனால் எலக்ட்ரான் நிறைந்த உலோகங்கள் அதோடு வினைபுரிந்து குளோரினைப் பிடித்துக்கொள்ளக் கூடும். ஒரே பொருளுக்கு ஒரே நாளில் ஆறு, ஏழு கரைப்பான் ஜோடிகளை முயலுங்கள். ஒவ்வொரு வயலிலும் குறிப்பேட்டின் பக்க எண்ணை எழுதுங்கள். பெயர் இல்லாத வயலில் வந்த நல்ல படிகம் உங்களுக்கு உதவாது.

ஐந்தாம் படி: நுண்ணோக்கியின் கீழே

படிகத்தைக் காற்றில் எடுக்காதீர்கள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ஃபுளோரின் எண்ணெய் வைத்து, வயலிலிருந்து கொஞ்சம் படிகங்களை, அவை வளர்ந்த தாய்க்கரைசலோடு அதில் தள்ளுங்கள். எண்ணெய் சில நிமிடம் காற்றைத் தடுக்கும். ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் போலரைசர் தகடுகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து நுண்ணோக்கியின் மேடையைச் சுற்றினால், நல்ல ஒற்றைப் படிகம் முழுவதும் ஒரே நொடியில் இருண்டு, மறுபடி ஒரே நொடியில் பளிச்சென்று வரும். பாதி இருண்டு பாதி வெளிச்சமாக நின்றால் இரண்டு படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் அளவு போதும். பெரியதுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம், கன உலோகம் இருக்கும் பெரிய படிகம் எக்ஸ் கதிரைத் தானே விழுங்கிவிடும். பெரியதை மெல்லிய பிளேடால் வெட்டலாம். பின்பு நைலான் வளையத்தில் அள்ளி, கருவியின் குளிர்ந்த வாயு ஓட்டத்தில் வைத்ததும் எண்ணெய் இறுகிப் படிகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வழக்கமாக 100 கெல்வினில் அளப்போம், அணுக்களின் ஆட்டம் குறையும் என்பதால். ஆனால் பழகுவதற்கு ஃபெரோசீனை எடுத்து அப்படியே குளிர்வித்துவிடாதீர்கள். 164 கெல்வின் அருகே அதன் கட்டமைப்பே மாறும், படிகம் நொறுங்கிவிடும். அசெட்டைல் ஃபெரோசீனை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அளவீடும் கணக்கும்

முதல் சில படங்களிலேயே கருவி அலகுக்கூட்டைச் சொல்லிவிடும். அங்கேயே நில்லுங்கள், முழு அளவீட்டுக்கு ஓடாதீர்கள். கூட்டின் கன அளவை எடுத்து, ஹைட்ரஜனைத் தவிர்த்த ஒவ்வோர் அணுவுக்கும் சுமார் 18 கன ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்று வைத்து வகுத்துப் பாருங்கள். உங்கள் மூலக்கூறில் அப்படி 30 அணுக்கள் இருந்தால் ஒரு மூலக்கூறுக்கு 540. கூடு 2160 என்றால் நான்கு மூலக்கூறுகள், கணக்கு சரி. 700 என்று வந்தால் அது உங்கள் பொருளாக இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து அந்தக் கூட்டைக் கேம்பிரிட்ஜ் கட்டமைப்புத் தரவுத்தளத்தில் தேடுங்கள். 1965-ல் ஓல்கா கென்னார்டு தொடங்கி வைத்த அந்தத் தொகுப்பு 2019-ல் பத்து லட்சம் கட்டமைப்புகளைத் தாண்டியது. நான் மிகவும் நம்பிக் காத்திருந்த என் முதல் படிகம் அந்தத் தேடலில் டிரைபீனைல் பாஸ்பீன் ஆக்ஸைடு என்று வந்தது. எங்கோ காற்று நுழைந்து, பாஸ்பீன் ஈனியை ஆக்ஸிஜனேற்றியிருந்தது. பாஸ்பீனோடு வேலை செய்யும் பலருக்கும் இது நடக்கும். ஓர் இரவு அளவீடு மிச்சமாகும் என்பதோடு, உங்கள் லைனில் கசிவு இருக்கிறது என்ற தகவலும் கிடைக்கும்.

கதிர் விஷயத்தில், கன உலோகம் இருந்தால் மாலிப்டினத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர், அதன் அலைநீளம் 0.71073 ஆங்ஸ்ட்ராம். படிகம் மிகச் சிறியதாக, இலகுவான அணுக்களோடு இருந்தால் செம்புக் கதிர். பிரிதிறன், அதாவது எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது என்பது, 0.84 ஆங்ஸ்ட்ராமாவது வர வேண்டும்.

கட்டமைப்பைத் தீர்க்க ஷெல்டிரிக் எழுதிய ஷெல்எக்ஸ் நிரல்களைத்தான் பெரும்பாலானோர் பயன்படுத்துகிறோம், ஓலெக்ஸ்2 போன்ற முகப்பின் வழியாக. இன்று பொத்தானை அழுத்தினால் உலோகமும் பெரும்பாலான கார்பன்களும் திரையில் வந்துவிடும். அப்போதுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. நிரல் வைத்த பெயர்களை நம்பாமல் ஒவ்வோர் அணுவின் ஆட்டத்தையும் காட்டும் நீள்வட்ட உருவைப் பாருங்கள். அது பக்கத்து அணுக்களைவிட மிகச் சிறுத்திருந்தால் அங்கே நிஜத்தில் இன்னும் கனமான அணு இருக்கிறது. ஊதியிருந்தால் இலகுவான அணு, அல்லது அந்த இடம் பாதிதான் நிரம்பியிருக்கிறது. நைட்ரஜனா கார்பனா, குளோரினா மீத்தைலா என்ற குழப்பங்களில் பல இந்தப் பார்வையில் தெளிந்துவிடும். அளந்த தரவும் நம் மாதிரியும் எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் ஆர் மதிப்பு 3 முதல் 5 சதவீதம் வந்தால் மகிழ்ச்சி. ஆனால் ஆர் மதிப்பைத் துரத்தாதீர்கள், வேதியியல் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நடந்த ஒன்று இருக்கிறது. மாலிப்டினம், ஆக்ஸிஜன், குளோரின், பாஸ்பீன் சேர்ந்த ஒருவகைச் சேர்மத்தில் நீலம், பச்சை என்று இரண்டு வடிவங்கள் கிடைத்தன. மாலிப்டினம் ஆக்ஸிஜன் பிணைப்பின் நீளம் நீலத்தில் சுமார் 1.68 ஆங்ஸ்ட்ராம், பச்சையில் சுமார் 1.80. ஒரே மூலக்கூறு ஒரு பிணைப்பை மட்டும் நீட்டிக்கொண்டு இரண்டு வடிவமாக இருக்க முடியும் என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது, அதை விளக்கக் கோட்பாடுகளும் எழுதப்பட்டன. 1990-களின் தொடக்கத்தில் பார்க்கின் குழு உண்மையைக் காட்டியது. பச்சைப் படிகத்தில் இருந்தது அதே நீலச் சேர்மம்தான், அதோடு ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் குளோரின் கொண்ட மஞ்சள் சேர்மம் கொஞ்சம் கலந்திருந்தது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. ஆக்ஸிஜனும் குளோரினும் ஒரே இடத்தில் சராசரியாகத் தெரிந்ததால்தான் பிணைப்பு நீண்டது போலத் தோன்றியது. அளவீடும் கணக்கும் பிழையில்லாமல் நடந்திருந்தும் முடிவு தவறிப்போனது. வயலில் இருந்த நிறத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் வேதியியலாளரே கட்டமைப்பையும் தீர்க்கும்போது இப்படிப்பட்ட கேள்வி எழ வாய்ப்பு அதிகம்.

ஆகவே ஒரு படிகம் மொத்தக் குடுவைக்கும் சாட்சி சொல்லாது. மிச்சப் பொடியைப் பவுடர் எக்ஸ் கதிரில் வைத்து ஒப்பிடுங்கள், தனிமப் பகுப்பாய்வு செய்யுங்கள், அதே படிகங்களைக் கரைத்து என்.எம்.ஆர் எடுங்கள். அந்த என்.எம்.ஆரில், டியூட்டீரிய பென்சீன் கரைப்பானில் 0.29 பிபிஎம்-ல் ஒரு கூர்மையான சிகரம் தெரிந்தால் அது சிலிக்கோன் கிரீஸ், புதிய சேர்மம் என்று மகிழ்ந்துவிட வேண்டாம்.

உலோகத்தை ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் விஷயத்தில் இன்னும் கவனம். எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களைத்தான் பார்க்கிறது. ஒரே எலக்ட்ரான் வைத்திருக்கும் ஹைட்ரஜன், டங்ஸ்டன் பக்கத்தில் நின்றால் கிட்டத்தட்டத் தெரியாது. 1984-ல் கூபாஸ் குழு, ஹைட்ரஜன் மூலக்கூறு உடையாமலே டங்ஸ்டனோடு பிணையும் என்று அறிவித்தபோது எக்ஸ் கதிருக்குப் பதிலாக நியூட்ரான்களைப் படிகத்தில் சிதறவிட்டு அளக்கும் நியூட்ரான் விளிம்பு விளைவும் கைகொடுத்தது. அதில் ஹைட்ரஜன்களுக்கு இடையே 0.82 ஆங்ஸ்ட்ராம். தனி ஹைட்ரஜன் மூலக்கூறில் அது 0.74. எக்ஸ் கதிர் மட்டும் கையில் இருக்கும்போது ஹைட்ரைடை, அதாவது உலோகத்தோடு பிணைந்த ஹைட்ரஜனைப் பற்றி எழுதினால், என்.எம்.ஆர் சான்றையும் கூடவே வையுங்கள்.

ஏழாம் படி: எழுதுவதும் வைப்பதும்

முடிந்த கட்டமைப்பின் விவரங்கள் அடங்கிய சிஃப் கோப்பை, பிழைகளைத் தேடும் செக்சிஃப் சோதனையில் போடுங்கள். ஏ, பி, சி, ஜி என்று எச்சரிக்கைகள் வரும். இவற்றில் மிகக் கடுமையான ஏ வந்தால் காரணம் கண்டுபிடியுங்கள், வாக்கியம் எழுதி மூடிவிடாதீர்கள். சமச்சீர்மையைக் குறைத்துப் போட்டிருக்கிறோமா என்ற எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். ரிச்சர்ட் மார்ஷ் என்ற படிகவியலாளர், மற்றவர்கள் வெளியிட்ட கட்டமைப்புகளில் இந்தத் தவறைக் கண்டுபிடித்துத் திருத்திக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார். பின்பு தரவுத்தளத்தில் வைத்து, அவர்கள் தரும் எண்ணைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும். கருவியின் மூலப் படங்களையும் அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். அளவீட்டில் வேறொருவர் உதவியிருந்தால் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் வருமா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள், கடைசியில் பேசினால் மனக்கசப்பு வரும்.

அப்புறம், வேலை

இரண்டு கையும் பழகியவருக்குப் பாதைகள் பல. வினையூக்கி செய்யும் நிறுவனங்கள், ஒரே மருந்து எத்தனை படிக வடிவங்களில் வரும் என்று தேடும் மருந்து நிறுவனங்கள், பல்கலைக்கழகங்களின் படிகவியல் மையங்கள், மிக வலுவான எக்ஸ் கதிரைத் தரும் சிங்க்ரோட்ரான் நிலையங்கள். உயிர்வேதியியல் பக்கமும் கதவு உண்டு. டாரதி ஹாட்ஜ்கின் பி12 துணைநொதியின் கட்டமைப்பைத் தீர்த்தபோது, உயிருள்ள பொருளுக்குள் கோபால்ட்டும் கார்பனும் நேராகப் பிணைந்திருந்தது 1961-ல் தெரியவந்தது. பிஎச்டி முடித்ததும் வருகிற முதல் ஆய்வுப் பணியை, உங்களுக்கு இன்னும் பழகாத கருவி இருக்கும் இடத்தில் தேடுங்கள். எலக்ட்ரான் விளிம்பு விளைவு 2018 முதல் சிறு மூலக்கூறுகளின் பக்கம் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. நாம் 'வெறும் பொடி' என்று ஒதுக்கிய வயல்களில் இருக்கும், ஒரு மைக்ரானுக்கும் சிறிய படிகங்களையே அது அளக்கிறது.

ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும்போது உறைபெட்டியில் உங்கள் வயல்கள் சில மிச்சம் இருக்கும். எந்த வயலில் என்ன, எந்தக் கரைப்பான், எந்தத் தேதி என்று ஒரு பட்டியல் எழுதி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எட்டு மாதம் அசையாமல் இருந்த வயலில் சிவப்புக் கட்டிகளாகப் படிகம் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.